எமில் ரூ

பியேர் பால் எமில் ரூ (டிசம்பர் 17, 1853 – நவம்பர் 3, 1933) ஒரு பிரெஞ்சு மருத்துவரும், நுண்ணுயிரியலாளரும், நோயெதிர்ப்பியலின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். லூயி பாஸ்டரின் நெருங்கிய உடனுழைப்பாளராக விளங்கிய இவர், பாரிசு நகரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1904 முதல் இறக்கும் வரை அதன் இயக்குநராகவும் பணியாற்றினார். டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் நோயைப் பாக்டீரியா சுரக்கும் நச்சே உண்டாக்குகிறது என்பதை நிறுவியமைக்காகவும், அந்நோய்க்கான எதிர்நச்சு ஊநீரைப் பெருமளவில் உருவாக்கி மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தமைக்காகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இவரது மற்றொரு பணி, 1889இல் பாஸ்டர் நிறுவனத்தில் தொடங்கிய நுண்ணுயிரியல் பயிற்சி வகுப்பாகும். இளம் மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் ஆய்வகத்தில் நேரடியாகப் பழக்கிய இவ்வகுப்பு, பல நாடுகளில் தடுப்பு மருந்து நிறுவனங்கள் தோன்றுவதற்கு வழி வகுத்தது. ரூவிடம் பயின்றவர்களும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தியாவுக்கும் வந்து பணிபுரிந்துள்ளனர்.

இளமையும் கல்வியும்

எமில் ரூ பிரான்சின் சாரந்த் பகுதியிலுள்ள கொன்ஃபோலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது தந்தை ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். ரூ 1872இல் கிளேர்மோன்-ஃபெரான் நகரில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த எமில் டுக்ளோ, இவரைத் தம் ஆய்வகத்தில் சேர்த்துக் கொண்டார். டுக்ளோ பாஸ்டரின் மாணவர். இத்தொடர்பே ரூவின் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்தது.

1874இல் பாரிசுக்குச் சென்ற ரூ, அங்கு மருத்துவக் கல்வியைத் தொடர்ந்தார். வால்-து-கிராஸ் இராணுவ மருத்துவப் பள்ளியிலும் பயின்றார். ஆனால் இராணுவக் கட்டுப்பாடுகளுடன் ஏற்பட்ட பிணக்கினால் அதிலிருந்து விலகினார். பின்னர் டுக்ளோ பாரிசுக்கு இடம் மாறியபோது அவருக்கு உதவியாளரானார். அவர் வழியாகவே 1878இல் பாஸ்டரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24.

பாஸ்டரின் ஆய்வகத்தில்

பாஸ்டர் வேதியியலாளர், மருத்துவர் அல்லர். விலங்குகளின் நோய்களிலிருந்து மனிதரின் நோய்களுக்கு அவரது ஆய்வு நகர்ந்த காலத்தில், மருத்துவம் பயின்ற ஒருவரின் துணை அவருக்கு இன்றியமையாததாயிற்று. உயிருள்ள விலங்குகளில் நோயைச் செலுத்துதல், அறுவை செய்தல், இறந்த விலங்குகளைப் பரிசோதித்தல் ஆகிய பணிகளை ரூ ஏற்றுக்கொண்டார். கைத்திறனிலும் சோதனையைத் திட்டமிடுவதிலும் அவர் மிகுந்த தேர்ச்சி பெற்றிருந்தார்.

கோழிக் காலரா, ஆந்த்ராக்ஸ் ஆகிய நோய்களின் கிருமிகளை வலுவிழக்கச் செய்து அவற்றையே தடுப்பு மருந்தாகப் பயன்படுத்தும் ஆய்வுகளில் ரூ பங்கு கொண்டார். 1881 மே மாதத்தில் பூயி-லெ-ஃபோர் என்னும் ஊரில் நடைபெற்ற ஆந்த்ராக்ஸ் தடுப்பு மருந்தின் பொதுச் சோதனை, ரூவும் ஷார்ல் சாம்பர்லாந்தும் முன்னின்று செய்த பணியாகும். தடுப்பு மருந்து பெற்ற செம்மறியாடுகள் பிழைத்ததும், பெறாதவை மடிந்ததும் உலகெங்கும் பேசப்பட்டன.

1883இல் எகிப்தில் காலரா பரவியபோது, நோய்க் காரணியைத் தேடிச் சென்ற பிரெஞ்சுக் குழுவில் ரூ, எட்மன் நொக்கார், இசிதோர் ஸ்த்ரோஸ், லூயி துயிலியே ஆகிய நால்வர் இடம் பெற்றனர். குழு தேடிய கிருமி அவர்களுக்குக் கிட்டவில்லை. அவர்களுள் இளையவரான துயிலியே, அலெக்சாந்திரியாவில் காலராவினாலேயே இறந்தார். அவருக்கு அப்போது வயது 27. நோய்க்கிருமிகளைக் கையாள்வோரின் பாதுகாப்பு என்பது ரூவின் தலைமுறையினருக்கு ஏட்டளவிலான செய்தியாக இருக்கவில்லை.

வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தும் கருத்து வேறுபாடும்

வெறிநாய்க்கடி நோய் பற்றிய ஆய்வில் ரூவின் பங்கு மிகப் பெரியது. கடிபட்ட விலங்கில் நோய் தோன்ற வாரக்கணக்கில் ஆகும்; சில வேளைகளில் தோன்றாமலும் போகும். இதனால் சோதனைகள் தடைப்பட்டன. மண்டையோட்டில் துளையிட்டு, நோயுற்ற விலங்கின் நரம்புத் திசுவை நேரடியாக மூளையின் மேற்பரப்பில் செலுத்தும் முறையை ரூ கையாண்டார். இதனால் நோய் தவறாமலும் குறுகிய காலத்திலும் தோன்றியது. நோயுற்ற முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தி வலுவிழக்கச் செய்யும் முறையும் ரூவின் ஆய்விலிருந்தே உருவானது. 1883இல் அவர் அளித்த மருத்துவப் பட்ட ஆய்வேடும் வெறிநாய்க்கடி நோய் பற்றியதே.

ஆயினும் 1885 சூலை 6 அன்று சோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டபோது ரூ அதில் பங்கேற்கவில்லை. மருந்தைச் செலுத்தியவர் மருத்துவர் ழாக்-சோசப் கிரான்ஷே ஆவார். மனிதரில் பயன்படுத்துவதற்கு விலங்குச் சோதனைகள் இன்னும் போதுமானவையாக இல்லை என ரூ கருதினார். நோய் முற்றிய பின் இறப்பு உறுதி என்பதால் காத்திருக்க இயலாது எனப் பாஸ்டர் கருதினார். சிறுவன் பிழைத்தான். பின்னர் ரூ பாஸ்டருடன் மீண்டும் இணைந்து பணியாற்றினார். போதிய சான்று கிட்டும் வரை காத்திருப்பதா, இறக்கும் நிலையிலுள்ளவருக்கு உடனே மருந்து அளிப்பதா என்னும் வினா, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ரூவின் முன்னே வேறு வடிவில் வந்து நின்றது.

தொண்டை அடைப்பான் நச்சு

பாஸ்டர் நிறுவனம் 1888 நவம்பர் 14 அன்று திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டில் ரூவும் சுவிட்சர்லாந்தில் பிறந்த இளம் மருத்துவரான அலெக்சாந்தர் யெர்சினும் தொண்டை அடைப்பான் பற்றிய தங்கள் ஆய்வின் முதற் பகுதியை வெளியிட்டனர். அக்காலத்தில் ஐரோப்பியக் குழந்தைகளின் இறப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக இந்நோய் இருந்தது. தொண்டையில் படரும் சாம்பல் நிறச் சவ்வு மூச்சுக்குழலை அடைத்துக் குழந்தையைக் கொன்றது. சவ்வு நீங்கிய பின்னரும் இதயமும் நரம்புகளும் பழுதடைந்து சிலர் இறந்தனர்.

நோய்க்குரிய பாக்டீரியாவை 1883இல் எட்வின் கிளெப்ஸ் கண்டிருந்தார். 1884இல் பிரீட்ரிக் லோஃப்லர் அதைத் தனியே வளர்த்தார். ஆனால் தொண்டையில் மட்டுமே காணப்படும் பாக்டீரியா, தொலைவிலுள்ள இதயத்தை எவ்வாறு தாக்குகிறது என்பது விளங்கவில்லை. ரூவும் யெர்சினும் பாக்டீரியா வளர்ந்த நீர்மத்தைச் சாம்பர்லாந்து வடிவமைத்த பீங்கான் வடிகட்டியின் வழியே செலுத்தினர். வடிகட்டி பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தியது. பாக்டீரியா அற்ற அந்தத் தெளிந்த நீர்மத்தை விலங்குகளுக்குச் செலுத்தியபோது, அவை நோய்க்குரிய அதே அறிகுறிகளுடன் இறந்தன. கொல்வது பாக்டீரியா சுரக்கும் நச்சு என்பது இதனால் உறுதியாயிற்று. நோய் குணமானவர்களின் தொண்டையிலும் பாக்டீரியா சில காலம் தங்கியிருக்கும் என்பதையும் இவர்கள் காட்டினர்.

நோயெதிர்ப்பியலைப் பொறுத்தவரை இது அடிப்படையான கண்டுபிடிப்பாகும். நோயை உண்டாக்குவது ஒரு நச்சு எனில், உடல் அந்நச்சுக்கு எதிராக உருவாக்கும் பொருளைத் தேட முடியும். 1890இல் பெர்லினில் எமில் ஃபான் பெரிங், கிட்டசாட்டோ ஷிபாசபுரோ ஆகியோர் அத்தகைய எதிர்நச்சு விலங்குகளின் குருதி ஊநீரில் இருப்பதைக் கண்டறிந்தனர்.

நுண்ணுயிரியல் பயிற்சி வகுப்பு

பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்ட சில மாதங்களில், 1889 மார்ச்சில், ரூ தமது பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அக்காலத்தில் மருத்துவக் கல்லூரிகள் நுண்ணுயிரியலைத் தனிப் பாடமாகக் கற்பிக்கவில்லை. செருமனியில் இராபர்ட் கோக் தம் மாணவர்களுக்கு நடத்திய வகுப்புகள் புகழ் பெற்றிருந்தன. அவற்றின் முறையை அறிந்து வரும் வாய்ப்பு யெர்சினுக்கு 1888இல் கிட்டியது. அவர் பெர்லின் சென்று கோக்கின் வகுப்பில் பயின்று திரும்பினார். ரூவின் வகுப்பில் செய்முறைப் பயிற்சிக்கு அவர் உதவியாளரானார்.

வகுப்பு சில வாரங்களே நீடித்தது. விரிவுரையும் செய்முறையும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. விரிவுரையில் கேட்டதை மாணவர் அன்றே தம் கையால் செய்து பார்க்க வேண்டும். பயிற்சியின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

வளர்ப்பு ஊடகங்களைத் தயாரித்தல்; கருவிகளையும் குடுவைகளையும் வெப்பத்தால் நுண்ணுயிர் நீக்கம் செய்தல்.

நோயாளியிடமிருந்தோ விலங்கிடமிருந்தோ பெற்ற மாதிரியிலிருந்து ஒரே வகைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தல். சாயமேற்றி நுண்ணோக்கியில் இனங்காணுதல்.

விலங்குகளுக்குக் கிருமியைச் செலுத்துதல். இறந்த விலங்கை அறுத்து ஆராய்ந்து அக்கிருமியை மீண்டும் பிரித்தெடுத்தல்.

கிருமிகளை வலுவிழக்கச் செய்தல். அவற்றால் உண்டாகும் எதிர்ப்பாற்றலை அளவிடுதல்.

இவற்றுள் எதுவும் நூலைப் படிப்பதால் மட்டும் கைவருவதன்று. ஒரு குழாயின் வாயைச் சுடரில் காட்டாமல் திறந்தாலே வளர்ப்பு கெட்டுவிடும். கெட்ட வளர்ப்பிலிருந்து பெறும் முடிவு பொய்யாகும்; அதிலிருந்து தயாரிக்கும் மருந்து உயிரைப் பறிக்கும். ஆகவே கையின் ஒழுங்கே அறிவியலின் ஒழுங்கு என்னும் அடிப்படையில் வகுப்பு அமைந்திருந்தது. ரூ கண்டிப்பான ஆசிரியர் எனவும், தெளிவான விரிவுரையாளர் எனவும் பெயர் பெற்றார். வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்த இலியா மெச்னிகோவும் நிறுவனத்திலேயே பணியாற்றியதால், உடலின் எதிர்ப்பாற்றல் பற்றிய அன்றைய புதிய கருத்துகளை மாணவர்கள் நேரடியாக அறிந்து கொள்ள முடிந்தது.

வகுப்பில் பிரெஞ்சு மருத்துவர்களுடன் பிற நாட்டவரும், கால்நடை மருத்துவர்களும், இராணுவ, கடற்படை மருத்துவர்களும் சேர்ந்தனர். பிரெஞ்சு அரசின் குடியேற்ற நாட்டு மருத்துவப் படை 1890இல் தனியே அமைக்கப்பட்டது. இந்தோசீனா, ஆப்பிரிக்கா, புதுச்சேரி உள்ளிட்ட ஆட்சிப் பகுதிகளின் மருத்துவப் பணி அதன் பொறுப்பில் இருந்தது. அப்படையின் மருத்துவர்கள் பலர் ரூவின் வகுப்பில் பயின்ற பின்னரே கடல் கடந்து சென்றனர்.

குறிப்பிடத்தக்க மாணவர்களும் உடனுழைத்தோரும்

அலெக்சாந்தர் யெர்சின்: 1890இல் நிறுவனத்தை விட்டு இந்தோசீனாவுக்குச் சென்றார். 1894இல் ஆங்காங்கில் பிளேக் பரவியபோது, ஒரு குடிசையில் அமைத்த சிறு ஆய்வகத்தில் அந்நோயின் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அது இன்று அவர் பெயரால் எர்சினியா பெஸ்டிசு என வழங்கப்படுகிறது.

ஆல்பர்ட் கால்மெட்: கடற்படை மருத்துவராக இருந்து 1890இல் ரூவின் வகுப்பில் பயின்றார். 1891இல் சைகோனில் பாஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் பாம்பு நச்சுக்கு எதிரான ஊநீரை உருவாக்கினார். கமீல் கெரேனுடன் இணைந்து காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைக் கண்டறிந்தார். அது 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்டது.

சார்லஸ் நிக்கோல்: டைபசு காய்ச்சல் பேன்களால் பரவுகிறது என்பதைத் துனிசில் 1909இல் கண்டறிந்தார். 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

பால்-லூயி சிமோன்: 1895இல் வகுப்பில் பயின்றார். பிளேக் நோயை எலித் தெள்ளுப்பூச்சி பரப்புகிறது என்பதை 1898இல் கராச்சியில் சோதனை வழியாகக் காட்டினார்.

வால்டெமர் ஹாஃப்கின்: 1889இல் நிறுவனத்தின் நூலகத்தில் பணிக்குச் சேர்ந்து, யெர்சின் விலகிய பின் ரூவின் ஆய்வக உதவியாளரானார். காலரா, பிளேக் ஆகிய நோய்களுக்குத் தடுப்பு மருந்துகளை உருவாக்கினார்.

எதிர்நச்சு ஊநீரும் 1894ஆம் ஆண்டுச் சோதனையும்

பெரிங், கிட்டசாட்டோ ஆகியோரின் கண்டுபிடிப்புக்குப் பின், எதிர்நச்சைப் போதிய அளவில் உற்பத்தி செய்வதே சிக்கலாக இருந்தது. சிறு விலங்குகளிடமிருந்து கிடைக்கும் ஊநீர் ஒரு சில குழந்தைகளுக்கே போதுமானது. ரூ, லூயி மார்த்தன், ஆகுஸ்த் ஷையு ஆகியோர் குதிரையைத் தேர்ந்தெடுத்தனர். குதிரை நச்சை ஓரளவு தாங்கக் கூடியது. அதன் கழுத்துச் சிரையிலிருந்து குருதியை மீண்டும் மீண்டும் எடுக்க முடியும். முதலில் அயோடின் கலந்து வலுக் குறைத்த நச்சும், பின்னர் படிப்படியாகத் தூய நச்சும் குதிரைக்குச் செலுத்தப்பட்டன. சில மாதங்களில் அதன் ஊநீரில் எதிர்நச்சு மிகுந்தது.

1894 பிப்ரவரி 1 முதல் சூலை 24 வரை பாரிசின் குழந்தைகள் மருத்துவமனையில் தொண்டை அடைப்பானுடன் சேர்க்கப்பட்ட 448 குழந்தைகளுக்கும் இவ்வூநீர் செலுத்தப்பட்டது. அவர்களுள் 109 பேர் இறந்தனர். அதாவது ஏறத்தாழ 24 விழுக்காடு. அதே மருத்துவமனையில் முந்தைய நான்கு ஆண்டுகளில் இந்நோயால் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். அதே மாதங்களில், ஊநீர் பயன்படுத்தப்படாத துரூசோ மருத்துவமனையில் 520 குழந்தைகளில் 316 பேர் இறந்தனர். அதாவது ஏறத்தாழ 61 விழுக்காடு.

1885இல் போதிய சான்று இல்லை எனத் தயங்கிய ரூ, இம்முறை சான்றைத் தாமே திரட்டினார். ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், இரு மருத்துவமனைகளின் எண்ணிக்கையை அருகருகே வைத்தமையால் முடிவை எவரும் எளிதில் மறுக்க இயலவில்லை. ஆனால் அந்த ஒப்பீட்டின் மறுபுறத்தில் துரூசோ மருத்துவமனையில் இறந்த குழந்தைகள் இருந்தனர் என்பதையும் மறுக்க இயலாது. புதிய மருந்துகளின் சோதனை பற்றிய அறவியல் விவாதங்களில் இந்நிகழ்வு இன்றும் கவனத்துக்குரியது.

1894 செப்டம்பரில் புடாபெஸ்டு நகரில் நடைபெற்ற பன்னாட்டு நலவாழ்வு மாநாட்டில் ரூ இம்முடிவுகளை வெளியிட்டார். பிரான்சில் 'லெ ஃபிகாரோ' நாளிதழ் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. அந்நிதியைக் கொண்டு பாரிசுக்கு அருகிலுள்ள கார்ஷ் பகுதியில் குதிரைத் தொழுவங்கள் அமைக்கப்பட்டு ஊநீர் உற்பத்தி விரிவாக்கப்பட்டது. ரூ இம்முறைக்கு எந்தக் காப்புரிமையும் பெறவில்லை. 1923இல் அதே கார்ஷ் கிளையில் பணியாற்றிய கஸ்தோன் ராமோன், பார்மலினாலும் வெப்பத்தாலும் நச்சின் கொல்லும் தன்மையை நீக்கி, அதன் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தன்மையை மட்டும் தக்கவைக்கும் முறையைக் கண்டறிந்தார். இன்று குழந்தைகளுக்குப் போடப்படும் தொண்டை அடைப்பான் தடுப்பூசியின் அடிப்படை இதுவே.

இயக்குநராக

1895இல் பாஸ்டர் இறந்த பின் டுக்ளோ இயக்குநரானார். டுக்ளோ மறைந்த 1904ஆம் ஆண்டில் ரூ அப்பொறுப்பை ஏற்றார். 1903இல் அவருக்கு ஓசிரிசு பரிசாக 100,000 பிராங்க் கிடைத்தது. அத்தொகையை அவர் நிறுவனத்துக்கே அளித்தார். பரிசை ஏற்படுத்திய செல்வந்தர் தானியேல் ஓசிரிசு, 1907இல் இறந்தபோது தம் செல்வத்தின் பெரும் பகுதியைப் பாஸ்டர் நிறுவனத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

ரூ எளிய வாழ்க்கை வாழ்ந்தார். காசநோயால் நெடுங்காலம் துன்புற்ற அவர், நிறுவன வளாகத்திலேயே ஒரு சிறிய இருப்பிடத்தில் தங்கியிருந்தார். நிருவாகப் பணி பெருகியதால் அவரது சொந்த ஆய்வு குறைந்தது. எனினும் 1898இல் நொக்காருடன் இணைந்து மாடுகளின் தொற்று நுரையீரல் நோய்க்கான காரணியை வளர்த்ததும், 1903இல் மெச்னிகோவுடன் இணைந்து மேகநோயைச் சிம்பன்சிக் குரங்குக்குச் செலுத்திக் காட்டியதும் அவரது பிற்காலப் பணிகளுள் குறிப்பிடத்தக்கவை. முதலாம் உலகப் போரின்போது நிறுவனம் இராணுவத்துக்கு டெட்டனஸ் எதிர்ப்பு ஊநீரையும் தடுப்பு மருந்துகளையும் பெருமளவில் வழங்கியது.

இந்தியாவுடனும் தமிழகத்துடனும் உள்ள தொடர்பு

ரூவின் ஆய்வகத்திலிருந்து இந்தியாவுக்கு முதலில் வந்தவர் ஹாஃப்கின். அவர் 1893இல் இந்தியாவில் காலரா தடுப்பு மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அங்கு சென்று, தாம் உருவாக்கிய பிளேக் தடுப்பு மருந்தை 1897 சனவரி 10 அன்று தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். அதே ஆண்டில் யெர்சின் பிளேக் எதிர்ப்பு ஊநீருடன் பம்பாய் வந்தார். அவருக்குப் பின் அப்பணியைச் சிமோன் ஏற்றார்.

ரூ வற்புறுத்திய கையொழுங்கு எத்தகைய முக்கியத்துவம் உடையது என்பதை இந்திய மண்ணிலேயே நேர்ந்த ஒரு துயரம் காட்டுகிறது. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் பிளேக் தடுப்பு மருந்து செலுத்தப்பட்டவர்களில் 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். ஹாஃப்கின் பணியிலிருந்து விலக்கப்பட்டார். மருந்துக் குப்பியைத் திறந்த இடத்தில் தரையில் விழுந்த இடுக்கியை முறையாக நுண்ணுயிர் நீக்கம் செய்யாமல் பயன்படுத்தியதே காரணம் எனப் பின்னர் வாதிடப்பட்டது. 1907இல் ஹாஃப்கின் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டார். 1930இல் செருமனியின் லூபெக் நகரில் பி.சி.ஜி. மருந்தில் காசநோய்க் கிருமி கலந்ததால் 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். இவ்விரு நிகழ்வுகளிலும் பிழை தடுப்பு மருந்தின் கோட்பாட்டில் இல்லை. அதைக் கையாண்ட முறையிலேயே இருந்தது.

தமிழகத்தில் குன்னூரில் 1907இல் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் நிறுவப்பட்டது. அது முதலில் வெறிநாய்க்கடி மருந்தையும், பிற்காலத்தில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியையும் தயாரித்தது. சென்னை கிண்டியில் 1948இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் அமைக்கப்பட்டது. உற்பத்தித் தரநெறிகள் நிறைவு செய்யப்படவில்லை என்ற காரணத்தால் இவ்விரு நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் 2008இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2010இல் மீண்டும் அளிக்கப்பட்டது.

ரூவின் குதிரை ஊநீர் முறை தமிழகத்தில் மற்றொரு வழியிலும் தொடர்கிறது. கால்மெட் அம்முறையைப் பாம்பு நச்சுக்குப் பயன்படுத்தினார். இன்றும் இந்தியாவில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நச்சும் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டே நச்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இதற்கான நச்சை வழங்குவதில் முதன்மையான பங்கு வகிக்கிறது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954இல் விடுபட்ட புதுச்சேரி, இன்று மருத்துவ ஆய்வுக்கும் பயிற்சிக்கும் பெயர் பெற்ற நகரமாகும். பிரெஞ்சு ஆட்சிக் கால மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சியாக ஜிப்மர் மருத்துவ நிறுவனமும், 1975இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் இளம் ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கின்றன. நகரின் கடலோரத்திலுள்ள வைத்திக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளில் பிறக்கும் குழந்தைக்கும், நாட்டின் பிற பகுதிக் குழந்தைகளைப் போலவே, பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசியும், 6, 10, 14 ஆகிய வாரங்களில் தொண்டை அடைப்பானை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியும் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி அளிக்கப்படுகின்றன. முதலாவது ரூவின் மாணவர் கண்டறிந்தது. இரண்டாவதிலுள்ள தொண்டை அடைப்பான் கூறு, ரூ வடிகட்டிப் பிரித்த நச்சின் வழிவந்தது.

தொண்டை அடைப்பான் இந்தியாவில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. தடுப்பூசி விடுபட்டவர்களிடையே அது அவ்வப்போது தோன்றுகிறது. அத்தகைய நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுடன் குதிரை ஊநீரிலிருந்து பெறப்படும் எதிர்நச்சே இன்றும் அளிக்கப்படுகிறது.

மதிப்பீடு

ரூவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. பலமுறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, தொண்டை அடைப்பான் ஊநீர்ச் சிகிச்சைக்காகப் பெரிங்கிற்கு வழங்கப்பட்டது. எதிர்நச்சைக் கண்டறிந்தவர் பெரிங். அதற்கு முற்பட்ட நச்சின் கண்டுபிடிப்பும், பிற்பட்ட பேரளவு உற்பத்தியும் ரூவின் பணிகள். இப்பங்கீடு பற்றி வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உள்ளது.

ரூவின் மீது விமர்சனங்களும் உள்ளன. பூயி-லெ-ஃபோர் சோதனையில் பயன்படுத்தப்பட்ட தடுப்பு மருந்து, பாஸ்டர் பொதுவில் குறிப்பிட்ட முறையில் அல்லாது, சாம்பர்லாந்தின் வேதிப்பொருள் முறையில் தயாரிக்கப்பட்டது என்பதைப் பாஸ்டரின் ஆய்வகக் குறிப்பேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கெரால்டு கெய்சன் 1995இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அதை அறிந்திருந்த உடனுழைப்பாளர்களுள் ரூவும் ஒருவர். அவர் அதை வெளிப்படுத்தவில்லை. மேலும், 29 ஆண்டுகள் ஒருவரே இயக்குநராக இருந்தமையால் பிற்காலத்தில் நிறுவனத்தில் புதிய போக்குகளுக்கு இடம் குறைந்தது எனவும் கருதப்படுகிறது.

இறப்பும் நினைவும்

ரூவின் நெடுநாளைய மாணவரும் நிறுவனத்தின் துணை இயக்குநருமான கால்மெட் 1933 அக்டோபர் 29 அன்று காலமானார். ஐந்து நாட்களுக்குப் பின், நவம்பர் 3 அன்று ரூ தமது 79ஆம் வயதில் இறந்தார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அவரது உடல் பாஸ்டர் நிறுவனத்தின் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

1899இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரூ, 1917இல் இலண்டன் அரச கழகத்தின் கோப்ளி பதக்கத்தைப் பெற்றார். பாரிசில் பாஸ்டர் நிறுவனம் அமைந்துள்ள தெரு இவர் பெயரால் 'டாக்டர் ரூ தெரு' என வழங்கப்படுகிறது. இவர் தொடங்கிய பயிற்சி வகுப்பு காலத்துக்கேற்பப் பல பிரிவுகளாக விரிந்துள்ளது. பாஸ்டர் நிறுவனத்தில் இன்று நோயெதிர்ப்பியல் தனிப் பாடநெறியாகக் கற்பிக்கப்படுகிறது. பல நாடுகளிலிருந்து வரும் இளம் ஆய்வாளர்கள் அங்கு பயிற்சி பெறுகின்றனர்.